டின் தக்காளியும் கிராப் ஆப்பிளும்: சத்துக் கணக்கில் காலியாக நிற்கும் கட்டங்கள்

செப்டம்பர் மாதத்தில் டொரன்டோ, எட்மன்டன் போன்ற கனடிய நகரங்களின் தெருக்களில் நடந்தால் கிராப் ஆப்பிள் மரங்கள் சிவக்கச் சிவக்கக் காய்த்து நிற்பதைப் பார்க்கலாம். கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை இருக்கும் அந்தப் பழங்கள் நடைபாதையில் உதிர்ந்து மிதிபடும். பறவைகளும் அணில்களும் தின்றதுபோக மிச்சம் குப்பைக்குப் போகும். அதே தெருவில் உள்ள வீடுகளின் சமையலறை அலமாரியில் டின் தக்காளி அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பனிக்காலத்தில் அங்கு குடியேறிய தமிழர் வீட்டுக் குழம்புக்கும் ரசத்துக்கும் அதுதான் கைகொடுக்கிறது. ஒன்று மரத்தடியில் விலையின்றிக் கிடப்பது. மற்றொன்று தொழிற்சாலையில் வெந்து, உப்புச் சேர்ந்து, தகரத்துக்குள் அடைபட்டு வருவது. இவற்றில் சத்து மிகுந்தது எது?

மரத்திலிருந்து பறித்த பச்சைப் பழம்தானே சத்தானது என்று மனம் உடனே சொல்லும். டப்பாவில் அடைத்த உணவு செத்த உணவு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அட்டவணைகளோ வேறு விடை தருகின்றன. அந்த விடையையும் அப்படியே நம்பிவிட முடியாது. எண்கள் எப்படிப் பிறந்தன, எந்த அளவில் ஒப்பிடப்பட்டன, எதை அளக்காமல் விட்டன என்று பார்த்த பிறகே தீர்ப்புக்கு வரலாம். இந்த இரண்டு எளிய உணவுகளை முன்னிறுத்தி, சத்துக் கணக்கை வாசிப்பது எப்படி என்ற பெரிய கேள்வியைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு பழங்களின் பின்னணி

கிராப் ஆப்பிள் என்பது ஒரே ஒரு பழத்தின் பெயர் அன்று. ஆப்பிள் பேரினமான மேலஸில், பழத்தின் விட்டம் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்குபவை எல்லாவற்றையும் இப்படி அழைப்பது தோட்டக்கலை வழக்கம். ஐரோப்பியக் காடுகளில் மேலஸ் சில்வெஸ்ட்ரிஸ், வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் மேலஸ் ஃபஸ்கா, சைபீரியாவிலிருந்து இமயமலை வரை மேலஸ் பக்காட்டா எனப் பல இனங்கள் உண்டு. கடையில் வாங்கும் ஆப்பிளின் முதன்மையான மூதாதை கஜகஸ்தானின் தியான் ஷான் மலைச்சரிவுகளில் விளையும் மேலஸ் சீவர்சி. அந்த ஆப்பிள் மேற்கே பயணம் செய்தபோது ஐரோப்பியக் கிராப் ஆப்பிளுடனும் கலந்தது. நாம் உண்ணும் ஆப்பிளுக்குள் காட்டு இரத்தம் ஓடுகிறது என்பதே உண்மை. இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்களில் இன்றும் மகரந்தச் சேர்க்கைக்காகக் கிராப் ஆப்பிள் மரங்களை இடையிடையே நட்டு வைக்கிறார்கள்.

பசிபிக் கரையோரத்தில் வாழ்ந்த ஹைடா, சிம்ஷியன் முதலிய தொல்குடி மக்களுக்கு இந்தப் புளிப்புப் பழம் மதிப்புமிக்க உணவாக இருந்தது. மரப்பெட்டிகளில் நீரில் ஊறவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். ஊலக்கன் என்ற சிறு மீனின் நெய்யைக் கலந்து விருந்துகளில் பரிமாறினார்கள். நாள்பட நாள்பட அதன் புளிப்பும் துவர்ப்பும் தணியும். காய்ப்பு இருக்கும்போது சேமித்துக் காய்ப்பில்லாத நாளில் உண்பது என்ற இந்த அறிவுதான் பிற்காலத்தில் டின் உணவாகவும் உருவெடுத்தது.

டின் உணவின் கதை பிரான்சில் தொடங்குகிறது. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்தால் கெடாது என்று கண்டறிந்தார். 1810 இல் அதை நூலாக வெளியிட்டதற்கு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசளித்தது. அதே ஆண்டு பீட்டர் டூரண்ட் இங்கிலாந்தில் தகரக் கலங்களையும் உள்ளடக்கிய காப்புரிமை பெற்றார். கிருமிகள்தான் உணவைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் நிறுவியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு. காரணம் தெரிவதற்கு முன்பே வழி தெரிந்திருந்தது. அமெரிக்காவில் ஹாரிசன் கிராஸ்பி 1847 இல் தக்காளியைத் தகரத்தில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று அமெரிக்காவின் பதப்படுத்தும் தக்காளியில் 90 விழுக்காட்டுக்கு மேல் கலிஃபோர்னியாவில் விளைகிறது. இத்தாலியில் வெசூவியஸ் எரிமலையை ஒட்டிய சமவெளியின் சான் மார்சானோ தக்காளிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பு உண்டு.

அட்டவணை பிறந்த விதம்

ஓர் உணவில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று எண்களில் எழுதும் பழக்கத்துக்கு வயது அதிகமில்லை. வில்பர் அட்வாட்டர் தொகுத்த அமெரிக்க உணவுகளின் வேதியியல் அட்டவணை 1896 இல் வெளிவந்தது. ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9, கார்போஹைட்ரேட்டுக்கு 4 என்று இன்றும் நாம் சொல்லும் கணக்கு அவர் வழியாக வந்ததுதான். இந்திய உணவுகளுக்கான அட்டவணை நம் நீலகிரியில் பிறந்தது. ராபர்ட் மெக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918 இல் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அங்கு அவருக்குப் பின் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு 1937 இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து வெளியிட்டார். அந்த நிலையமே 1958 இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இயங்குகிறது.

அட்டவணையின் எண்கள் கல்வெட்டுப் போல நிலையானவை என்று நினைக்க வேண்டியதில்லை. நெல்லிக்காயில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று பழைய இந்திய அட்டவணை சொன்னது. பாட்டி வைத்தியம் முதல் மருந்துக்கடை விளம்பரம் வரை அந்த எண்ணை ஓதின. ஹைதராபாத் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது ஏறத்தாழ 250 மில்லிகிராம். நெல்லிக்காய் மாறிவிடவில்லை. மாதிரிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன, எந்த முறையில் அளக்கப்பட்டன என்பவை மாறின. தக்காளி, கிராப் ஆப்பிள் எண்களையும் இதே நிதானத்தோடு அணுக வேண்டும்.

எடைக்கு எடை

அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை இரண்டையும் பட்டியலிட்டிருக்கிறது. 100 கிராம் பச்சைக் கிராப் ஆப்பிளும், தக்காளிச் சாற்றோடு அடைத்த 100 கிராம் டின் தக்காளியும் தருவன ஏறத்தாழ இவை:

நீர்: கிராப் ஆப்பிளில் 79 கிராம், டின் தக்காளியில் 94 முதல் 95 கிராம்.
ஆற்றல்: 76 கலோரி, சுமார் 17 கலோரி.
கார்போஹைட்ரேட்: 20 கிராம், 4 கிராமுக்குள்.
புரதம்: 0.4 கிராம், 0.8 கிராம்.
வைட்டமின் சி: 8 மில்லிகிராம், 9 முதல் 13 மில்லிகிராம்.
பொட்டாசியம்: 194 மில்லிகிராம், சுமார் 190 மில்லிகிராம்.
சுண்ணாம்புச்சத்து: 18 மில்லிகிராம், 30 மில்லிகிராமுக்குச் சற்று மேல்.
இரும்புச்சத்து: 0.36 மில்லிகிராம், 0.5 முதல் 0.6 மில்லிகிராம்.
சோடியம்: 1 மில்லிகிராம், உப்புச் சேர்த்ததில் 100 மில்லிகிராமுக்கு மேல், சேர்க்காததில் சுமார் 10.

மேலோட்டமாகப் பார்த்தால் கிராப் ஆப்பிளில் ஆற்றல் மிகுதி, தக்காளியில் வைட்டமின்களும் தாதுக்களும் சற்று மிகுதி, பொட்டாசியத்தில் இருவரும் சமம். உப்பில் மட்டும் டின் தக்காளி பழி சுமக்கிறது.

இந்தப் பட்டியலில் ஓர் எண் கூர்ந்து பார்க்கத் தக்கது. பச்சைத் தக்காளியில் சுண்ணாம்புச்சத்து 10 மில்லிகிராம் அளவே இருக்கும். டின் தக்காளியில் அது மூன்று மடங்கு ஆனது எப்படி? வெந்த தக்காளி குழைந்துவிடாமல் துண்டாகவே நிற்கத் தொழிற்சாலையில் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள். அது தக்காளியின் பெக்டினோடு பிணைந்து சதையை இறுக்குகிறது. டப்பாவின் மேலட்டையில் அதன் பெயர் அச்சாகியிருக்கும். பதனிடுவதற்காகச் சேர்த்த பொருள் அட்டவணையில் சத்தாகக் கணக்கேறுகிறது. பதப்படுத்தினால் சத்து குறையத்தான் செய்யும் என்ற பொதுவிதிக்கு இது ஒரு சிறிய, உண்மையான விலக்கு.

கழித்து வந்த எண்

கிராப் ஆப்பிளின் 20 கிராம் கார்போஹைட்ரேட்டைப் பார்த்ததும் அத்தனையும் சர்க்கரை என்று நினைத்தால் தவறு. இந்த எண் பெரும்பாலும் நேரடியாக அளக்கப்படுவதில்லை. நூறு கிராமிலிருந்து நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ அதுவே கார்போஹைட்ரேட் என்று எழுதப்படுகிறது. கிராப் ஆப்பிளின் எண்களை வைத்து யாரும் இதைச் சரிபார்க்கலாம்: 100 இலிருந்து 78.94 நீர், 0.40 புரதம், 0.30 கொழுப்பு, 0.42 சாம்பல் போனால் மிச்சம் 19.94.

அந்த மிச்சத்துக்குள் சர்க்கரை இருக்கிறது. நாக்கைச் சுருக்கும் மாலிக் அமிலம் இருக்கிறது. கூழை உறைய வைக்கும் பெக்டின் இருக்கிறது. ஈறுகளைப் பிடித்து இழுக்கும் துவர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. இவற்றில் பெக்டின் நார்ச்சத்து. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. சர்க்கரைக்குத் தரும் கலோரியை அதற்குத் தர முடியாது. ஆகவே 76 கலோரி என்பதை மேல்வரம்பாகக் கொள்வதே பொருத்தம். சாதாரண ஆப்பிளுக்கு 52 கலோரிதான் என்பதும் நினைவில் இருக்கட்டும். கிராப் ஆப்பிளின் கூடுதல் ஆற்றலுக்குப் பெரிய காரணம் அதில் நீர் குறைவு என்பதே. சின்னப் பழம், இறுகிய சதை, அவ்வளவுதான்.

கலோரிக்குக் கலோரி

எடையை விட்டுவிட்டு ஆற்றலை அடிப்படையாக வைத்தால் காட்சி தலைகீழாகிறது. 100 கலோரி பெற 130 கிராம் கிராப் ஆப்பிள் போதும்; டின் தக்காளியோ ஏறக்குறைய 590 கிராம் வேண்டும், அதாவது 400 கிராம் டின் ஒன்றரை. அந்த அளவில் கிராப் ஆப்பிள் 255 மில்லிகிராம் பொட்டாசியம் தரும்; தக்காளி 1,100 மில்லிகிராம் தரும். வைட்டமின் சி முன்னதில் பத்து மில்லிகிராம், பின்னதில் ஐம்பதுக்கு மேல். இரும்புச்சத்து முன்னதில் அரை மில்லிகிராம், பின்னதில் மூன்று மில்லிகிராம் அளவு. எடைக் கணக்கில் தோளோடு தோள் நின்ற பொட்டாசியம், கலோரிக் கணக்கில் நாலு மடங்கு விலகிப் போகிறது.

எடை குறைக்க விரும்புவோருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் இந்தக் கணக்கே பயன்படும். வயிறு நிறைய வேண்டும், கலோரி ஏறக்கூடாது என்பவருக்குத் தக்காளி நல்ல துணை. உப்பையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த வெற்றியைக் கொண்டாட முடியாது. உப்புச் சேர்த்த தக்காளியை அதே 590 கிராம் அளவில் உண்டால் சோடியம் 600 மில்லிகிராமைத் தாண்டும். நாள் ஒன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதில் மூன்றில் ஒரு பங்கு டப்பாவிலிருந்தே வந்துவிட்டால், சமைக்கும்போது கை தானாகப் போடும் உப்புக்கு இடம் எங்கே? உப்புச் சேர்க்காத டின் கடைகளில் கிடைக்கிறது. இரத்தக்கொதிப்பு உள்ள வீட்டில் அதைத் தேடி வாங்குவதே அறிவு.

தட்டுக்குத் தட்டு

மனிதர் எவரும் 100 கிராம் என்று நிறுத்தியோ 100 கலோரி என்று எண்ணியோ உண்பதில்லை. நால்வர் உள்ள வீட்டில் 400 கிராம் டின் ஒன்றை உடைத்துக் குழம்பு வைத்தால் ஆளுக்கு 100 கிராம் போகும். வாரத்தில் மூன்று நான்கு நாள் இது நடக்கும். பச்சைக் கிராப் ஆப்பிளை எத்தனை தின்ன முடியும்? பத்துப் பத்து கிராமாக மூன்று பழம் தின்றால் பல் கூசிவிடும். அந்த முப்பது கிராமில் வைட்டமின் சி இரண்டரை மில்லிகிராமுக்குள், பொட்டாசியம் 60 மில்லிகிராமுக்குள். அதுவும் ஆண்டில் ஓரிரு மாதங்களுக்கு மட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வளர்ந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். டின் தக்காளி அதில் ஓரளவாவது ஈடுசெய்யும்; மூன்று கிராப் ஆப்பிளால் அது ஆகாது.

உண்மையில் கிராப் ஆப்பிளைப் பெரும்பாலோர் பச்சையாக உண்பதில்லை. பெக்டின் தாராளமாக இருப்பதால் அது ஜெல்லிக்கு ஏற்ற பழம். பழத்தை வேகவைத்து, துணியில் வடிகட்டி, சாற்றோடு ஏறத்தாழ அதே அளவு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் செக்கச்சிவந்த ஜெல்லி கிடைக்கும். நார்ச்சத்தின் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிடும். ரொட்டியில் தடவும் அந்த ஜெல்லியை முன்னிறுத்திப் பச்சைக் கிராப் ஆப்பிளின் சத்தைப் பேசுவது பொருந்தாது. டின் தக்காளியோ டின்னில் இருந்தபடியே சமையலுக்கு வருகிறது; அட்டவணை சொன்ன சத்துக்கும் தட்டுக்கு வரும் சத்துக்கும் இடைவெளி குறைவு.

சூடு எடுப்பதும் கொடுப்பதும்

தக்காளியைத் தகரத்தில் அடைக்கும்போது மூன்று இழப்புகள் நேர்கின்றன. நீராவியாலோ காரக் கரைசலாலோ தோல் உரிக்கப்படுகிறது. தோலோடு நார்ச்சத்தும் நிறமிகளில் ஒரு பங்கும் போகின்றன. சூட்டில் வைட்டமின் சி சிதைகிறது. நீரில் கரையும் சத்துகள் தக்காளியிலிருந்து சாற்றுக்கு இறங்குகின்றன. கடைசி இழப்பை நாமே தடுக்கலாம்: டின்னில் உள்ள சாற்றைக் கொட்டாமல் சமையலில் சேர்த்தால் போதும்.

சூடு கொடுப்பதும் உண்டு. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் செல்சுவர்களுக்குள் சிறைப்பட்டிருக்கும். வேகும்போது அந்தச் சுவர்கள் தளர்ந்து அது வெளிவருகிறது. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 இல் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சூடாக்கிப் பார்த்தார்கள். வைட்டமின் சி ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்தது. பிரித்தெடுக்கக் கிடைத்த லைக்கோபீன் இரண்டரை மடங்குக்கு மேல் கூடியது. பச்சைத் தக்காளியைவிடத் தக்காளி விழுதிலிருந்து லைக்கோபீன் இரத்தத்தில் நன்றாக ஏறுகிறது என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 1997 இல் காட்டினார்கள். அது கொழுப்பில் கரையும் பொருள். எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடலுக்குள் நன்றாகப் போகும். எண்ணெய் தெளியும்வரை தக்காளியை வதக்கும் நம் சமையல் முறை இந்த வகையில் பொருத்தமானது.

லைக்கோபீனைச் சஞ்சீவி ஆக்கிவிடவும் கூடாது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1995 இல் 47,000க்கு மேற்பட்ட ஆண்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தபோது, தக்காளி உணவுகளை வாரத்தில் பலமுறை உண்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். ஆனால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005 இல் எல்லாச் சான்றுகளையும் எடைபோட்டு, தக்காளிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்புக்கு மிகக் குறைந்த ஆதாரமே உண்டு என்றும், லைக்கோபீனை மட்டும் தனியே எடுத்தால் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றும் முடிவு செய்தது. தக்காளி நல்ல உணவு. மருந்து என்று விற்கத் தகுதி பெறவில்லை.

அளக்கப்படாத பழம்

கிராப் ஆப்பிளுக்குச் செய்யப்பட்ட அநீதி இங்கேதான் தெரிகிறது. அமெரிக்க அட்டவணையில் அதன் நார்ச்சத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. சர்க்கரைக் கட்டமும் அப்படியே. பெக்டினுக்குப் பேர்போன பழத்தின் நார்ச்சத்தை யாரும் அளந்து பதிவு செய்யவில்லை. கணினி நிரல்கள் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, நார்ச்சத்தில் தக்காளிக்கே வெற்றி என்று அறிவிக்கும்போது தவறு உண்மையாக வேடம் போடுகிறது. சாதாரண ஆப்பிளில் தோலோடு 2.4 கிராம் நார்ச்சத்து உண்டு. அதைவிட நீர் குறைந்த, தோலின் பங்கு மிகுந்த சிறு பழத்தில் அது குறைவாக இருக்க நியாயமில்லை. டின் தக்காளியின் ஒன்றிரண்டு கிராமை அது மிஞ்சும் என்றே எதிர்பார்க்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அட்டவணை கிராப் ஆப்பிளை இனம் பிரிக்காமல் மேலஸ் என்ற பேரினப் பெயரிலேயே குறிக்கிறது. பட்டாணி அளவு சைபீரியப் பழமும் சதைப்பிடிப்பான டோல்கோ என்ற வகைப் பழமும் ஒரே வரியில் அடக்கம். தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் ஒரு குடும்பத்துக்கே ஒற்றை எண் தரப்பட்டிருக்கிறது.

வைட்டமின், தாதுப் பட்டியலுக்கு வெளியே கிராப் ஆப்பிளின் உண்மையான செல்வம் இருக்கிறது. அதன் துவர்ப்பு புரோசயனிடின்களிலிருந்தும் குளோரோஜெனிக் அமிலத்திலிருந்தும் வருகிறது. சிவந்த தோலில் ஆந்தோசயனின் நிறமியும் க்வெர்செட்டினும் உண்டு. இனிப்புக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கடை ஆப்பிளில் இவை குறைந்துவிட்டன. காட்டு இனங்களில் செறிவாகத் தங்கியிருக்கின்றன.

ஆப்பிள் குடும்பத்தின் ஃப்ளோரிட்சின் என்ற பொருளுக்குத் தனி வரலாறு உண்டு. 1835 இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து அது பிரிக்கப்பட்டது. அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுகிறது என்று ஜோசஃப் ஃபான் மெரிங் 1886 இல் கண்டார். அந்த வழியைப் பின்பற்றி வேதியியலாளர்கள் உருவாக்கியவைதாம் டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் முதலிய சர்க்கரை நோய் மாத்திரைகள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் மாத்திரைப் பெட்டியில் இன்று அவை இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தி ஆப்பிள் தின்னக் கூடாது. பழத்தில் உள்ள ஃப்ளோரிட்சின் குடலிலேயே பெரும்பாலும் உடைந்துவிடும். மாத்திரை வேலை செய்வதே அந்த மூலக்கூறு மாற்றி அமைக்கப்பட்டதால்தான்.

யாருக்கு எது

சத்து என்பது உணவில் மட்டும் இருப்பதன்று. உண்பவர் உடலையும் பொறுத்தது. இரத்தசோகை உள்ள பெண்ணுக்குத் தக்காளி ஏற்றது. அதன் வைட்டமின் சி-யும் அமிலமும் கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடல் ஈர்க்க உதவும். துவர்ப்புப் பொருள்கள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம் என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். கிராப் ஆப்பிளையும் உணவோடு சேர்க்காமல் இடைவேளையில் உண்பது நல்லது.

சிறுநீரகம் பழுதடைந்து பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு எடைக் கணக்கில் இரண்டும் சமம்தான். ஆனால் மூன்று கிராப் ஆப்பிளோடு நின்றுவிடுபவர், தக்காளிக் குழம்பில் தெரியாமலே இருநூறு கிராம் தக்காளியை உண்டுவிடுவார். அவருக்கு எச்சரிக்கை தேவைப்படுவது தக்காளியிடம். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இரண்டின் புளிப்பும் தொல்லை தரலாம்.

பாதுகாப்பிலும் இரண்டுக்கும் தனித்தனிக் கவனம் வேண்டும். போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி, பிஹெச் 4.6க்குக் கீழே வளராது. தக்காளியின் புளிப்பு அந்த எல்லையை ஒட்டியே இருப்பதால்தான் டின்னில் சிட்ரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. வீட்டில் புட்டியில் அடைப்பவர்களும் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்காமல் விடக் கூடாது. உப்பிய டின்னைத் திறக்காமல் எறிவதே முறை. தகரத்தின் உட்பூச்சில் பயன்பட்ட பிஸ்ஃபெனால் ஏ என்ற வேதிப்பொருள் குறித்த கவலையும் நியாயமானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 இல் அதன் பாதுகாப்பான அளவை முன்னைவிட ஏறத்தாழ 20,000 மடங்கு குறைத்தது. உணவைத் தொடும் பொருள்களில் அதைத் தடைசெய்யும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் பிறப்பித்தது. கண்ணாடிப் புட்டியிலும் அட்டைப் பெட்டியிலும் வரும் தக்காளி கைக்கெட்டும் மாற்று. கிராப் ஆப்பிளின் விதையில் அமிக்டலின் உண்டு; மெல்லும்போது அதிலிருந்து சயனைடு பிறக்கும். ஒன்றிரண்டு விதை விழுங்கினால் தீங்கில்லை. குழந்தைகளுக்கு விதை நீக்கிக் கொடுக்க வேண்டும். தெருவோர மரத்தில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்களா என்றும் விசாரித்துவிட்டே பறிக்க வேண்டும்.

முடிவாக

அளக்கப்பட்ட சத்துகளை வைத்து, நாள்தோறும் நடக்கும் சமையலை வைத்து ஒரே விடை கேட்டால், உப்புச் சேர்க்காத டின் தக்காளிதான் முந்துகிறது. குறைந்த கலோரியில் கூடுதல் தாதுக்கள், உடல் ஏற்கும் வடிவில் லைக்கோபீன், ஆண்டு முழுவதும் ஒரே தரம், எளிதாக உண்ணும் அளவு ஆகியவை அதன் பக்கம். டப்பா உணவு என்பதற்காகவே அதை இழிவாகப் பார்த்த நம் பழைய எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். கிராப் ஆப்பிள் ஆற்றலிலும் துவர்ப்புச் சத்துகளிலும் பெரும்பாலும் நார்ச்சத்திலும் முன்னிற்கும் பழம். அதன் முழு மதிப்பைச் சொல்ல அட்டவணையில் இன்னும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் பல.

எந்தப் பயிரை விற்க முடியுமோ அந்தப் பயிரை அளக்கிறோம். தக்காளிக்குப் பின்னால் ஒரு பெருந்தொழில் நிற்கிறது; ஆகவே அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் எண் உண்டு. கிராப் ஆப்பிளுக்குப் பின்னால் பறவைகளும் தொல்குடி மக்களின் நினைவும்தான் நிற்கின்றன. நம் ஊரிலும் இதுவே நிலை. 2017 இந்திய அட்டவணை 528 உணவுகளைப் பதிவு செய்தது. அது பாராட்டுக்குரிய பெரும்பணி. ஆனாலும் மலைக்குடிகளும் ஆடு மேய்ப்பவர்களும் பள்ளிவிட்டுத் திரும்பும் பிள்ளைகளும் புதர்களில் பறித்துத் தின்னும் பழங்கள் எத்தனை எத்தனை! குன்னூரில் தொடங்கிய அளவைப் பணி அந்தப் புதர்கள் வரை போக வேண்டும். அதுவரை ஓர் அட்டவணையை வாசிக்கும்போது எண்களைப் படிப்பதோடு நிறுத்தாமல், எண் எழுதப்படாத கட்டத்தின் மேலும் ஒருமுறை விரல் வைத்துப் பார்ப்போம்.